கதை அச்சான பிறகு வந்த குட்டிகள்

கரவனெல்ல போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் ஒரு பெட்டி. அதற்குள் நாய்க்குட்டிகள் முனகின.

"கதை எழுதித்தான்க்கா எனக்கு இந்தக் கதி," என்றாள் அவள்.

"தெருநாய்ங்களுக்குக் காசு சேர்க்கத்தானே புத்தகம் அடிச்சே?"

"ஆமா. வாசிச்சவங்க காசுக்குப் பதிலா குட்டிங்கள என் லயத்து வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போறாங்க. இதுங்கள வச்சிருந்தா என்னையும் லயத்த விட்டுப் போகச் சொல்றாரு தோட்டத்துத் தொரை. சந்தையில விடப் போறேன்."

"அனே, பாவம்டி. கதையில வர்ற குட்டி பொழைச்சிச்சா?"

"இல்லக்கா. அதையும் சந்தையிலதான் விட்டுட்டுப் போவாங்க. லொறியில அடிபட்டுச் சாகும்."

"நீதானே எழுதுனே. பொழைக்க வச்சிருக்கலாமே."

"பொழைச்சிட்டா யாருக்கா காசு குடுப்பா?"

சந்தை வந்ததும் அவள் பெட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினாள். நான் வெளியே பார்க்கவில்லை.