மூன்று விரல் காட்டியது பற்றி

என்னுடைய பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. வயது நாற்பத்தேழு. காவலர் குடியிருப்பு மூன்றாம் கட்டடம், இரண்டாம் மாடியில் மனைவி, மகளுடன் குடியிருந்து வருகிறேன். தலைமைக் காவலராக ஒலிபெருக்கி வண்டியில் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நிலையத்தில் என்னை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க எனக்குக் கட்டாயம் இல்லை, கொடுத்தால் எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று குற்றவியல் நடுவர் அம்மா எடுத்துச் சொல்லி, யோசிக்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நான்கு மாதமாக வேறென்ன செய்தேன், இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

தையல் ஆலை வாசலில் நடந்த துப்பாக்கிச்சூடு குறித்து நான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில், சுடுவதற்கு முன் மூன்று முறை எச்சரிக்கை அறிவித்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான், மூன்று எச்சரிக்கையையும் காதால் கேட்ட பிறகும் கலையாமல் கூட்டத்தைத் தூண்டிவிட்டார் என்று ஒருவரைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். அவர் அதே ஆலையில் இஸ்திரி போடுபவர், அன்றைக்கு இறந்துபோன பெண்ணின் கணவர்.

அந்த ஆலையில் அதற்கு முந்தின மாதம் தீப்பிடித்தது. வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டி வைக்கும் வழக்கம் இருந்ததால் மூன்று பெண்கள் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். தீயை அணைத்த பிறகும் அதே கதவில் புதுப் பூட்டுப் போட்டார்கள். பூட்டை எடுக்கச் சொல்லித் தொழிலாளர்கள் ஆறு நாட்களாகச் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று பேசியவர் சட்டைக்குக் காலர் தைப்பவர். 'காலர் அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் நாள் அந்த அம்மா வண்டிக்குப் பக்கத்தில் வந்து, "அண்ணே, உங்க சத்தத்துல காதே அடைச்சுப் போச்சு. கொஞ்சம் மெதுவா மிரட்டக் கூடாதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

ஆறாம் நாள் காலை பதினொன்றே கால் மணிக்குப் பக்கத்துச் சந்திலிருந்து கற்கள் வந்தன. எறிந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் காவலருக்கு நெற்றி பிளந்தது. அதன் பிறகு பெட்ரோல் ஊற்றிய பாட்டில் ஒன்று ஆலையின் கேட்டுக்குப் பக்கத்தில் விழுந்து எரிந்து அணைந்தது. கேட்டுக்கு உள்ளே அலுவலக ஆட்கள் அறுபது பேர் இருந்தார்கள். அதன் பிறகு ஆய்வாளர் எச்சரிக்கை வாசிக்க உத்தரவிட்டார்.

எங்கள் முறை என்னவென்றால், கலைந்து போகாவிட்டால் சுடுவோம் என்று எச்சரிக்கை அட்டையில் உள்ளதை இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை வாசிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்ததும், எத்தனையாவது எச்சரிக்கை என்று வண்டியின் முன்கண்ணாடி வழியாக விரலால் காட்ட வேண்டும். கூச்சலில் எதுவும் கேட்காது என்பதால் வெளியே நிற்கும் அதிகாரி விரலைப் பார்த்துத்தான் கணக்கு வைப்பார். மாதம் ஒரு முறை இதற்குப் பயிற்சி உண்டு. பயிற்சி மைதானத்தை ஒட்டிப் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. பிள்ளைகள் பயந்து அழுகின்றன என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததால், பதினோரு ஆண்டுகளாக மைக்கின் கழுத்தில் இருக்கும் சுவிட்சைப் போடாமலேயே வாசித்துப் பழகினோம். விரல் சரியாகக் காட்டினால் பயிற்சியில் தேர்ச்சி.

அன்றைக்கு ஓட்டுநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டபடியே என் கையில் கொடுத்தார். முதல் எச்சரிக்கை ஊருக்கே கேட்டது. முடிக்கும்போது ஒலிபெருக்கிக் குழாய் 'கீ' என்று கத்த, ஆய்வாளர் வண்டியின் தகரத்தில் அடித்து, "காது கிழியுதுய்யா, நிறுத்து!" என்றார். நான் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு விரலைக் காட்டினேன். அதன் பிறகு தகரத்தில் கல் விழ ஆரம்பித்ததால் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். அதன் பிறகு இரண்டாவது எச்சரிக்கையை வாசித்தேன். சுவிட்சைப் போட வேண்டும் என்று என் விரலுக்குத் தோன்றவில்லை, அட்டை வாசிக்கையில் அதற்கு அந்தப் பழக்கமே இல்லை. மூடிய வண்டிக்குள் என் தொண்டைச் சத்தமே எனக்கு இடிபோல் கேட்டதால் சந்தேகமும் வரவில்லை. இரண்டு விரலைக் காட்டினேன். அதன் பிறகு மூன்றாவதையும் தொண்டை கிழிய வாசித்து, மூன்று விரலைக் காட்டினேன்.

ஆய்வாளர் கையை இறக்கினார். பதினோரு தோட்டா சுட்டார்கள்.

காலர் அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, எழுந்து ஓடப் பார்த்த பெண்களை "உக்காருங்க, உக்காந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று கையமர்த்திக்கொண்டிருந்தார் என்று அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் சேலையின் தோளில் நூல் கோத்த ஊசி ஒன்றைக் குத்தி வைத்திருந்தார், அது என் உள்ளங்கையில் ஏறியது. அந்த அம்மாவைப் படுக்கவைத்த பிறகுதான் எனக்கு வலி தெரிந்தது.

அதன் பிறகு வண்டிக்குத் திரும்பி, மைக்கை அணைக்கலாம் என்று எடுத்தேன். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. ஐயோ என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். ஓட்டுநர் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. "நீ எதையும் பாக்கலை. நானும் பாக்கலை. குடும்பம் குட்டி இருக்குய்யா நமக்கு" என்றார். ஆய்வாளரிடம் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "உள்ள அறுபது உசிரு இருந்துச்சு. கேட்டு பத்திக்கிட்டிருந்தா நீயா பதில் சொல்லுவ? மூணு விரலை நான் பாத்தேன். அது போதும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த நியாயத்தை நானும் நம்பினேன், நம்பித்தான் முதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில், பட்டப்பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையறியாமல் அட்டையை வாசிக்கிறேன். மகள் ஒருநாள் என் எதிரே நின்று, "அப்பா, யார்கிட்டப் பேசறீங்க? வாய் மட்டும் அசையுது" என்றாள். அவள் பயந்துவிட்டாள், எனக்கும் பயமாக இருந்தது. சத்தமில்லாமல் வாயசைப்பவர்கள் எதிரே வந்தால், தொலைக்காட்சியில்கூட, நான் எழுந்து போய்விடுகிறேன்.

சென்ற வாரம் காலர் அக்காவின் கணவரான இஸ்திரி போடுபவரைக் காவல் நீட்டிப்புக்காக இந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வராந்தாவில் விலங்குடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காவலுக்கு வந்த காவலர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் பக்கத்தில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். சுவிட்சைப் போட்டிருந்தால் உங்கள் மனைவி எழுந்து போயிருப்பார், அந்தப் பாவம் என்னுடையதுதான் என்று சொல்லி அழுதேன். அவர் அழவில்லை. இப்படிச் சொன்னார்: "முதல் தடவை சொன்னது நல்லாவே கேட்டுச்சு சார். அவ எந்திரிக்கலையே. மூணு இல்ல, முப்பது தடவை சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டா. தீயில செத்துப்போன மூணு பேரும் அவ வரிசையில உக்காந்து தைச்சவங்க. சொன்னதைக் கேக்கலைன்னா சுட்டுடலாமா?"

முதல் எச்சரிக்கை கேட்டது என்று சொன்னால் உங்கள் வழக்குக்குக் கெடுதல் வருமே என்றேன். "வரட்டும். அவ பயந்து ஓடினான்னு யாரும் எழுத வேணாம்" என்றார்.

இது வழக்குக்குத் தேவையில்லாத பேச்சு என்று எழுத்தர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார். நடுவர் அம்மா எழுதச் சொன்னார்கள். அதன் பிறகு, அவர் கேட்டதற்கு உங்கள் பதில் என்ன என்று என்னைக் கேட்டார்கள். கேட்டில் தீ பிடித்து அறுபது பேர் உள்ளே மாட்டியிருந்தால் அப்போது என்ன செய்வது என்பது எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் பூட்டை எடு என்று கேட்டு உட்கார்ந்திருந்தவளைச் சுடக் கூடாது என்றேன். பதினான்கு ஆண்டுகளாக ஊரைப் பார்த்து அது கூடாது, இது கூடாது என்று அறிவித்திருக்கிறேன். காவலர்களான எங்களைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

இதில் உள்ளது முழுவதும் என் வாயிலிருந்து வந்தது. யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. எழுத்தர் படித்துக் காட்ட, உண்மை என்று ஒப்புக்கொண்டு என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
தலைமைக் காவலர், ஒலிபெருக்கி வண்டி