மதிக்கே விழுந்த எண்

எனக்குக் காப்பி ஆறினாத்தான் பிடிக்கும். நீங்க சூடா குடிங்க காத்தான் சார், நான் பேசிக்கிட்டே இருக்கேன். மன்னார்குடியில உங்க கம்ப்யூட்டர் சென்டரைக் காலி பண்ணும்போது என் பழைய பிளாப்பி கிடைச்சுது, உள்ளே இருந்த புரோகிராம்ல ஒரு வரி குறையுதுன்னு சொன்னீங்க. பகலவன் சாரே தப்பு பண்ணியிருக்காரேன்னு சிரிப்பு வேற. தப்பு இல்லை சார். உட்காருங்க, சொல்றேன்.

எங்க அம்மா வேம்பு, நடவு வயல்ல வழுக்கி விழுந்து இடுப்பு போயிப் படுத்துட்டாங்க. தூக்கி உட்கார வைக்க, சோறூட்ட, வீட்டோட ஒரு ஆள் வேணும். நாங்க மூணு பேர். மூத்தவன் நான், அடுத்தவன் துரைராசு, கடைக்குட்டி மதிவதனி. ஊரார் வயல்ல நாத்து நட்டுத்தான் அம்மா எங்களைப் படிக்க வெச்சாங்க. படிச்சு முடிக்கவும் உலகமே கதவைத் திறந்து வெச்சிருந்த நேரம். எனக்கு மெட்ராஸ்ல வேலை, தம்பிக்கு சிங்கப்பூர், மதிக்குத் திருச்சியில எம்.சி.ஏ. சீட்டு. வருஷத்துக்கு ஒருத்தர் அம்மாகூட இருக்கறதுன்னு பேசிக்கிட்டோம்.

முதல்ல சொம்புல சீட்டுப் போட்டுத்தான் குலுக்கினோம். நான்தான் எடுத்தேன், தம்பி பேரு வந்துச்சு. "மடிப்பைப் பாத்துத்தானே எடுத்த"ன்னு சொம்பைத் தூக்கி வாசல்ல எறிஞ்சான். நல்ல பித்தளைச் சொம்பு சார், நசுங்கிப்போச்சு. அதனாலதான் கம்ப்யூட்டர்கிட்ட விட்டுடலாம்னேன். அதுக்கு அண்ணன் தம்பி பாசமெல்லாம் கிடையாது.

சின்ன புரோகிராம்தான். குருட்டாம்போக்குல ஒரு பைட் எடுக்கும். சைபர்லேருந்து இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும் ஏதோ ஒரு எண். மூணால வகுத்து மீதி சைபர்னா மதி, ஒண்ணுன்னா துரைராசு, ரெண்டுன்னா நான். ஆனா சைபரையும் சேத்தா மொத்தம் இருநூத்தி அம்பத்தாறு எண், மூணு பேருக்குப் பங்கு வெச்சா ஒண்ணு மிஞ்சும். அது மதி தலையில விழும். பாவம், பொம்பளப் புள்ளன்னு அந்த எண்ணைச் செல்லாதுன்னு தள்ளிட்டேன். இந்தக் காலத்துல இவ்வளவு நியாயம் யார் சார் பாக்கறா?

பொங்கலன்னிக்கு மதியை சென்டருக்கே கூட்டிட்டுப் போயி, "உன் கையாலயே அமுக்கும்மா"ன்னேன். அமுக்கினா. மதின்னு வந்துச்சு. "உன் பொட்டிக்கு என்னை விட்டா ஆள் கிடைக்கலையாண்ணே?"ன்னு சிரிச்சா. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கும்தான், பொய் சொல்லலை.

அப்புறம் நான் அமெரிக்கா போயிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் அவளே பஸ் ஏறிப் போயி, பிளாப்பியைப் போட்டு ஓட்டிட்டு போன் பண்ணுவா. "இந்த வருஷமும் எனக்குத்தாண்ணே." "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா"ம்பேன். திருச்சி சீட்டு போச்சு. ஒரு வருஷம் பொறுத்துக்கறேன்னு சொன்ன மாப்பிள்ளை, பொறுத்துப் பாத்துட்டு வேற பொண்ணைக் கட்டிக்கிட்டாரு. அம்மா போன சித்திரையிலதான் போனாங்க. உடம்புல ஒரு படுக்கைப்புண் கிடையாது. மதிக்கு இப்ப தலை பூரா வெள்ளை.

நீங்க கேட்ட வரிக்கு வர்றேன். கடிகாரத்தைப் பாத்துத் தொடக்க எண்ணை மாத்திக்கோன்னு சொல்ற வரி அது. அது இல்லேன்னா புரோகிராமை எப்ப ஆரம்பிச்சாலும் முதல்ல அதே எண்தான் வரும். உங்க சென்டர்ல பசங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். எனக்கு மறக்குமா?

இன்னொண்ணும் இருக்கு. முதல்ல நான் வயசுப்படிதான் எழுதினேன். சைபர்னா நான், ரெண்டுன்னா மதி. ஓட்டிப் பாத்தேன், நான்னு வந்துச்சு. திரும்ப ஓட்டினேன், திரும்பவும் நான். அப்பத்தான் கடைக்குட்டியிலேருந்து ஆரம்பிக்கறதுதான் மரியாதைன்னு தோணிச்சு. மாத்தினேன். அந்த வரியை மட்டும் எழுதலை.

என்னை அப்படிப் பாக்காதீங்க சார். யோசிச்சுப் பாருங்க, சென்டர்ல அவ தனியாத்தான் இருந்தா, நாங்க ரெண்டு பேரும் கடலுக்கு அந்தப் பக்கம். "இந்த வருஷம் உன் பேருண்ணே"ன்னு ஒரு தடவை போன்ல சொல்லியிருந்தா, நான் மறுபேச்சு பேசியிருக்க முடியுமா? டிக்கெட் போட்டு வந்திருப்பேன். ஒரு பொய் சொல்லத் தெரியாம அவளா வீட்டுல உட்கார்ந்துக்கிட்டா, அதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்?