தெற்குத் திபெத்துக்காரன்

ஓம் தம்பி, தமிழ்தான். சார் எண்டாதேங்கோ, ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை எண்டால் காணும். திபெத்துக்காரற்றை கூட்டத்திலை ஒரு மன்னார்க்காரன் பிக்குவின்ரை படத்தோடை நிண்டால் ஆரும் கேப்பினம்தான். இருங்கோ, ஆஹென் ஊருக்குப் போற உங்கட ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு.

பௌத்தனோ? சீச்சீ, நான் வேதக்காரன். ஒரு பிக்குவுக்கு மெழுகுதிரி பிடிப்பன் எண்டு அந்தோனியாரே நினைச்சிருக்க மாட்டார்.

எங்கட தமிழாக்களின்ரை ஊர்வலம் பாத்திருக்கிறீங்களோ? றோல்ஸ், வடை, மைக், மைக்குக்கு அடிபட நாலு சங்கத் தலைவர்மார். ஜெர்மன்காரர் எண்டு வாறது பொலிஸ் மட்டும்தான். இவைக்கு மைக்கே இல்லை. ஆனால் லாசாவிலை சீன ஆமி இறங்கினது ரீவியிலை வந்ததுதான், யோகா ரீச்சர்மார், பல் டொக்டர், அவற்றை நாய், எல்லாரும் வந்து நிக்கினம். எங்கட பிரச்சினையெண்டால் முதல் உலகப் படத்திலை நாட்டைக் காட்டவேணும். திபெத்தெண்டால் பேரைச் சொல்ல முதலே அழுவினம். எனக்கு எரிச்சலெண்டில்லை. சரி, எரிச்சல்தான்.

பெமா எண்டொரு திபெத்து மனிசியாலை வந்தனான். பிளேனுக்குச் சாப்பாடு அடுக்கிற இடத்திலை என்னோடை வேலை. அவவின்ரை தம்பிதான் அந்தப் பிக்கு. மடத்தைச் சுத்தி வளைச்சு, போனை வெட்டி, பெடியளை லொறியிலை ஏத்திக்கொண்டு போட்டாங்களாம். ஆள்காட்டினவன் ஆர் எண்டு கேட்டன். உனக்கெப்பிடி அது தெரியும் எண்டு முழிச்சா.

அவவின்ரை தம்பியின்ரை படம் என்ரை கையிலை ஏனோ? எதிர்க் கட்டடத்து யன்னலைப் பாத்தனீங்களோ? ஆரோ கமராவோடை நிண்டவன். ஆரெண்டு தெரியாது. சொந்தத் தம்பியின்ரை படத்தைப் பெமா தானே பிடிச்சால், இவதான் அக்கா எண்டு அங்கை வீட்டுக் கதவைத் தட்டுவாங்கள் எண்டு பயம். அதாலை ஆளாள் படத்தை மாத்திப் பிடிக்கிறது. ஒரு ஜெர்மன் மனிசி என்னைக் கும்பிட்டு, உங்கட கண்ணிலை இமயமலை தெரியுது எண்டா. மன்னாரிலை ஏறி நிக்க ஒரு மேடு கிடையாது தம்பி. நானும் திருப்பிக் கும்பிட்டன்.

பெமாவின்ரை கையிலை ஆற்றை படமோ? உங்களுக்குக் கூர்மையான கண். ஓம், மீசை வைச்ச கறுத்த பெடியன். அந்த மனிசியும் கேட்டவ. தெற்குத் திபெத் எண்டன். நல்லாத் தெற்கு எண்டன்.

அது பென்ஜமின். என்ரை தம்பி. கொழும்பிலை வெள்ளை வான் வண்டியிலை வந்து ஏத்திக்கொண்டு போனவங்கள். வாயைத் திறந்தால் பிள்ளை இல்லை எண்டு அம்மாவுக்கு ஒருத்தன் போனிலை சொன்னவன். எங்கட ஊர்வலத்திலை அவனைப் பிடிச்சால் அடுத்த நாளே கொழும்புக்குத் தெரிஞ்சிடும். இஞ்சை ஆர் தமிழனைத் தேடப்போறான், நீங்கள் வராட்டில்? அதுதான் தம்பி, நீங்கள் எடுத்த அந்தப் படத்தை இன்ரநெற்றிலை போடாதேங்கோ. என்னைப் போடுங்கோ, பிக்குவைப் போடுங்கோ, பெமா நிக்கிற படத்தை மட்டும் அழிச்சுவிடுங்கோ. அம்மா அங்கை தனிய.

பெரிய உபகாரம்.

பொறுங்கோ, பொறுங்கோ, அழிக்கிறதை இன்னும் அமத்தாதேங்கோ. ஒருக்காக் காட்டுங்கோ. அந்த யன்னல் கமராவுக்குப் பயந்து நான் அவவுக்குக் கிட்டப் போறதேயில்லை. அவன்ரை படத்துக்கு முன்னாலை ஆரும் மெழுகுதிரி கொளுத்தினவையோ எண்டு நான் இன்னும் பாக்கேல்லை.