இடப்பக்கம் மனிதருக்கு, வலப்பக்கம் நாய்களுக்கு

இந்தப் பத்தாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் முக்கூடல் குற்றாலலிங்கம் பிள்ளை அவர்களே, இந்தப் பிஸ்கோத்துக் கம்பெனியை நிறுவிய சாரம்மாள் அம்மையார் அவர்களே, பெரியோர்களே, மாவு பிசைந்த கை உலருமுன் வந்தமர்ந்த தாய்மார்களே, சீட்டு ஒட்டும் எலியேசரின் வணக்கம்.

சத்தமாகப் பேசச் சொல்கிறீர்கள். முயல்கிறேன், ஐயா.

பத்தாண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் நமக்கிருந்தவை இரண்டே அடுப்புகள். ஒன்றில் வெந்தது மனிதருக்கான ஏலக்காய் பிஸ்கோத்து; மற்றொன்றில், துரைமாரின் வேட்டை நாய்களுக்கான கருவாட்டுப் பிஸ்கோத்து. டப்பாவோ ஒரே டப்பா! வேறுபடுத்தியது எது? மேலே ஒட்டிய சீட்டு ஒன்றே.

இடப்பக்கம் மனிதருக்கு, வலப்பக்கம் நாய்களுக்கு என்பது மேசையின் ஒழுங்கு. தொள்ளாயிரத்துப் பதினொன்றில் ஒருநாள், வெயில் முகத்தில் அடித்ததால், ஒட்டியவர் மேசைக்கு எதிர்ப்புறம் போய் உட்கார்ந்தார். ஒழுங்கு மாறவில்லை; உட்கார்ந்த இடம் மாறியதால் சீட்டுகள் இடம்வலம் மாறிவிட்டன.

மறுநாள் துரை வீட்டு நாய்க்காரர் வந்தார். “என்ன வே, நாய்த் தீனியில ஏலக்காய் மணக்கு?”

அப்படியானால் கருவாடு எங்கே போயிற்று? தலைவர் அவர்களின் வீட்டுக்கு! மீன் வாடையே அறியாத சைவ வீட்டுக்கு! மகளின் வளைகாப்புக்கு!

“பேசாம இருந்துருவோம்மா. டப்பா வாடைன்னு சொல்லிக்கலாம்” என்றார்கள் சிலர்.

“அவுக வாயில கருவாட்டைப் போட்டுட்டு, நான் எந்த வாயால ஜெபம் பண்ணுவேன்? வண்டியைக் கட்டுங்க” என்றார் அம்மையார்.

நானும் உடன் போனேன். அங்கே பிள்ளை அவர்களின் துணைவியார் பிரம்மநாயகி அம்மாள் டப்பாவின் மூடியில் கத்தியை வைத்துவிட்டார்கள். அம்மையார் வாசலிலிருந்தே உண்மையைச் சொன்னார். கத்தி நின்றது.

“யாரு ஒட்டுனது?” என்று கேட்டார் பிள்ளை.

“என் கைதான் அண்ணாச்சி” என்றார் அம்மையார்.

பிறகு பிள்ளை சொன்னார்: “வண்டி கட்டி வந்து தப்பைச் சொல்லுதீய. இனி உங்க டப்பாவை நம்பலாம். ஆனா நாய்க்கு வேற டப்பா போடுங்க.”

அன்றுமுதல் நாய்க்கு வட்டம், மனிதருக்குச் சதுரம். அந்தச் சதுரம் இன்று எத்தனை சைவ வீடுகளில் இருக்கிறது! சீட்டை நம்பியா வாங்கினார்கள்? டப்பாவை நம்பியா? அம்மையாரின் அந்த ஒரு சொல்லை நம்பி வாங்கினார்கள்.

ஆனால் தலைவர் அவர்களே, அந்தச் சொல்லில் பாதிதான் உண்மை. அம்மையார் ஒருநாளும் சீட்டு ஒட்டியதில்லை. அன்று வண்டியின் பின்னால் தலைகுனிந்து நின்ற என் கைதான் ஒட்டியது. ஏழாண்டுகளாக அதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று வந்திருக்கிறது.

தலைவர் ஏதோ சொல்கிறார்... “அன்னைக்கே தெரியும் வே. உம்ம விரல்ல பசை காயலியே.”

இனி என்னால் படிக்க இயலாது. அனைவருக்கும் நன்றி, அம்மையாருக்கு என் முதல் வணக்கமும் முடிவு வணக்கமும்.