செம்புச் சுருளில் ஒரு கோடைக்காலம்

— அணில்தான்டா வெர்லின். வேற யாரு வருவா இங்க?

— அணில் வந்து குழாயோட கவ்வியைக் கழட்டிச்சா, எல்ரோய்?

— கழட்டிச்சு.

— திருப்புளி வச்சு?

— விஸ்கான்சின் அணிலை லேசா நினைக்காத. போன வருஷம் ஒண்ணு என் தபால் பெட்டிக்குக் கீல் மாத்திக் குடுத்துட்டுப் போச்சு. கூலி கேட்டேன், வேர்க்கடலை போதும்னுது. நல்ல குடும்பத்து அணில்.

— அதெல்லாம் இருக்கட்டும். முதல் தடவை பம்பை முழு வேகத்துல விட்டே. பீருக்குப் போட்ட பார்லி பூரா பானையடியில செங்கல்லா இறுகிப்போச்சு. அடுத்த தடவை குழாய் கழண்டு கராஜ் தரையெல்லாம் பாகு. அதுக்கடுத்த தடவை சூடு பார்க்கிற கம்பியைத் தப்பான பானைக்குள்ள விட்டு வச்சே. முளைகட்டின பார்லி வெந்து கூழாச்சு, இனிப்பே வரல. மூணும் தானா நடந்துதுன்னு நான் நம்பணும்.

— நம்பினா உடம்புக்கு நல்லது.

— இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. கவ்விக்கு மேல கவ்வி போட்டிருக்கேன். பம்புக்கு வேகத்தைக் குறைக்கிற வால்வு வச்சாச்சு. கம்பி எங்க இருக்கணுமோ அங்கயே பத்த வச்சுட்டேன், பிடுங்கணும்னா ரம்பம் வேணும். சீஸ் ஆலையில வாழ்நாள் பூரா பாலைச் சுட வச்சவன்யா நான். முள்ளைப் பாரு. அந்தச் சிவப்புக் கோட்டை விட்டு ஒரு மயிரிழை நகர்ந்துதா?

— நகரல.

— என்னய்யா அதைச் சாவுச் செய்தி மாதிரி சொல்றே?

— ஒண்ணுமில்ல. சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தேன். பம்பு பூனை மாதிரி முனகுது. வெளிய பனி கொட்டுது, ஜன்னல் பூரா ஆவி. உலகமே இந்தக் கராஜ் அளவுதான் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கு.

— ம்.

— யோசிச்சுப் பாருடா. இந்தப் பானையில வெந்நீர். அதுக்குள்ள செம்புக் குழாய் சுருண்டு படுத்திருக்கு. அந்தப் பானை பார்லியிலேருந்து இனிப்புத் தண்ணி மெல்லக் கிளம்பி, சுருளுக்குள்ள சுத்திச் சுத்தி நடந்துட்டுத் திரும்ப வீட்டுக்கே வருது. வெந்நீர் அதைத் தொடல. அது வெந்நீரைப் பார்த்ததே இல்ல. நடுவுல செம்புத் தோல் ஒண்ணு. ஆனா சூடு மட்டும் கடந்து போயிடுது.

— அதுக்குத்தான் செம்பு வாங்குறோம்.

— நீ அப்படிப் பாக்குற. நான் என்ன நினைக்கிறேன்னா, அந்தச் சுருளுக்குள்ள போறப்ப பார்லிக்குத் தூக்கம் வருது. தூக்கத்துல ஜூலை மாசம் வருது. வயல் வருது, காத்து வருது. அதான் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கூட இனிச்சுட்டுத் திரும்புது.

— பார்லிக்குள்ள மாவு இருக்கு. இந்தச் சூட்டுல அது சர்க்கரையா மாறுது. அவ்வளவுதான்.

— உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ பாவம்டா.

— எல்ரோய், என்னைப் பாரு. எதுக்கு ஒவ்வொரு தடவையும் கெடுத்தே? மெஷின் வேணும்னு ஆரம்பிச்சவனே நீதானே.

— டார்லா எங்க?

— உன் மக உள்ள உன் பாத்திரத்தையெல்லாம் காகிதத்துல சுத்திட்டு இருக்கா. எதுக்கு?

— போன குளிர்காலம் நான் விழுந்தேன்ல.

— வாசல்ல வழுக்கி விழுந்தே.

— விழல. தரை எந்திரிச்சு வந்துச்சு. அதுலேருந்து டார்லா, அரிசோனாவுக்கு வாப்பா, அரிசோனாவுக்கு வாப்பான்னு ஒரே பாட்டு. அங்க பனி கிடையாதாம், ஐஸ் கிடையாதாம். நான் என்ன சொன்னேன்னா, இந்த மெஷின்ல ஒரே ஒரு தடவை ஒழுங்கா பீருக்குப் பாகு வடிச்சுட்டேன்னா அன்னிக்கே கதவைப் பூட்டிட்டு உன்னோட வர்றேன்னேன்.

— எதுக்குய்யா அப்படி ஒரு வாக்கு குடுத்தே?

— நான் கட்டுற மெஷின் ஓடாதுன்னு ஊருக்கே தெரியும். பத்திரமான வாக்குன்னு நினைச்சேன். அப்புறம் நீ டூல்ஸ் பெட்டியோட வந்துட்டே. அவ்வளவு பிரமாதமா வேலை செய்வேன்னு எவன்டா கண்டான்.

— என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.

— சொல்லியிருந்தா கெடுத்திருப்பியா?

— மாட்டேன்.

— அதான்.

— ஒரு வால்வு சரியா இல்லன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராதுய்யா. ஆனா நீ போயிட்டா வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு நான் யாரோட போவேன்னு நான் கேக்கல.

— கேட்டுட்டியே.

— கேக்கல. அந்த வெள்ளைத் தட்டை எடு. அயோடின் எங்க?

— எதுக்கு இப்ப?

— நேரமாச்சு. ஒரு சொட்டு பார்லித் தண்ணி, ஒரு சொட்டு அயோடின். மாவு மிச்சம் இருந்தா கருநீலமா மாறும். எல்லாம் சர்க்கரை ஆயிட்டா அயோடின் தன் நிறத்துலயே பழுப்பா நிக்கும்.

— இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமேடா அது.

— தட்டு.

— இந்தா.

— சொட்டு விட்டாச்சு.

— என்னடா?

— பழுப்பு.

— நல்லாப் பாரு.

— டீத்தண்ணி மாதிரி பழுப்பு. என் ஆயுசுல இவ்வளவு சுத்தமா வடிச்சதில்ல. எல்ரோய், மன்னிச்சுக்க.

— நீலம்னு சொல்லுடா.

— டார்லாகிட்டயா? ஆலையில ஒரு நாள்கூட முள்ளு காட்டாத சூட்டைக் காட்டினதா நான் சொன்னதில்ல.

— இன்னிக்கு ஒரு நாள் சொல்லு. ஆலைக்குத் தெரியாது.

— எனக்குத் தெரியுமேய்யா. பாரு, கதவு திறக்குது.

— அப்பா, அந்த மேப்பிள் சிரப் ஜாடி எல்லாத்தையும் எடுத்துக்கணுமா? வெர்லின் மாமா, உள்ள ஒரே ஆவியா இருக்கு. என்ன வாசனை இது?

— வாம்மா டார்லா. கதவைச் சாத்து, சூடு போயிடும். இது பார்லி வாசனை. உங்கப்பாவோட மெஷின்.

— ரொட்டி சுடுற மாதிரி இருக்கு. இல்ல, அதுவும் இல்ல. மழை விட்டப்புறம் வைக்கோல் போர் பக்கத்துல நிக்கிற மாதிரி.

— உக்காரு கண்ணு. அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காரு. ஒரு விஷயம் தெரியுமா? ஒரு தடவை இந்தப் பானையோட ஆவி கூரை ஓட்டை வழியா மேல போச்சு. தெக்கே போக வேண்டிய வாத்துக் கூட்டம் ஒண்ணு லேட்டாக் கிளம்பி வந்துட்டு இருந்துச்சு. ஆவியைப் பார்த்துட்டு, அட இங்கயே கோடை வந்துடுச்சுன்னு கூரை மேல உக்காந்துக்கிச்சு. மார்ச் மாசம் வரைக்கும் இறங்கவே இல்ல.

— அப்பா.

— சத்தியமா. வடிச்ச சக்கையைப் பக்கத்துப் பண்ணை ஹாஃப்மெயர் மாட்டுக்குப் போட்டேன். மறுநாள் அவன் பால் கறக்குறான், பால்ல நுரை இவ்வளவு உசரத்துக்கு நிக்குது. மாடு ஹாஃப்மெயரைப் பார்த்துக் கண்ணடிச்சுதாம்.

— அதுக்கு மாமா சாட்சியா?

— நான் அன்னிக்கு ஊர்ல இல்லம்மா.

— ரெண்டு பேரும் மாறவே இல்ல. இந்தப் பம்பு எப்பவும் இப்படித்தான் முனகுமா?

— ஒழுங்கா ஓடினா முனகும்.

— கேட்டுட்டே இருந்தா கண்ணு சொருகுது. அரிசோனாவுல, ஃபீனிக்ஸ்ல எங்க வீட்டு ஏ.சி.யும் நாள் பூரா சத்தம் போடும், ஆனா தூக்கம் வராது. ஜன்னல் திறக்க முடியாது. அங்க இருக்கிறது சூடுப்பா. இது கதகதப்பு. ரெண்டும் ஒண்ணுன்னு இத்தனை நாள் நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

— அங்க பக்கத்து வீட்டுல யாரு?

— தெரியாதுப்பா. கார் வரும், கராஜ் கதவு மேல போகும், கார் உள்ள போகும், கதவு கீழ வரும். முகத்தை நான் பார்த்ததில்ல.

— ம்.

— அது என்ன தட்டு?

— ஒண்ணுமில்ல. சோதனை.

— பார்லி ஆயிடுச்சான்னு பாக்குறதா? எப்படிப் பாக்குறது, மாமா?

— நீலமானா இன்னும் ஆகலம்மா. பழுப்பா நின்னா முடிஞ்சுது.

— முடிஞ்சுதுன்னா அப்பா என்னோட வர்றதாப் பேச்சு.

— ஆமா கண்ணு. குடுத்த வாக்கு குடுத்ததுதான். அந்த விஷயத்துல நான் வாத்துக் கதை சொல்ல மாட்டேன்.

— சரி, சொல்லுங்க. என்ன நிறம்?

— வெர்லின்கிட்ட கேளு. மெஷின் கட்டினவன் அவன்.

— மாமா?

— என் கண்ணாடி ஆவியில மூடிக்கிச்சும்மா. நீயே பாரு.

— குடுங்க. ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருக்கு.

— பாத்து. கொட்டிடாத.

— பனி இன்னும் நிக்கல.

— என்ன கண்ணு?

— இன்னும் ஆகலப்பா. கருநீலமா இருக்கு. இந்தக் குளிர்கோட்டைக் கழட்டி எங்க மாட்டறது?