அத்தையின் கன்னத்துப் புள்ளி

வெயிலில் போகும்போது குடை பிடியுங்கள். பதினெட்டு வருடம் தோல் மருத்துவம் பார்த்த பிறகு என்னிடம் இருக்கும் ஒரே நேர்மையான அறிவுரை இதுதான். ஆனால் குடையை நம்பி கிளினிக் நடத்த முடியாது. அதனால் லேசர் கருவி வாங்கினேன். மங்கு, தழும்பு, கரும்புள்ளி எல்லாம் போகும். வயது மட்டும் போகாது. அதை யாரிடமும் சொல்வதில்லை.

என் மாமியாருக்கு இரண்டு மருமகன்கள். மூத்தவர், என் சகலை, இதய அறுவை நிபுணர். வருகிறவர்களிடம் அத்தை எங்களை அறிமுகப்படுத்தும் அழகே தனி.

"பெரிய மாப்பிள்ளை நெஞ்சைத் தொறந்து உயிரைக் காப்பாத்துறாரு. சின்னவரு மூஞ்சிக்கு வெள்ளையடிக்கிறாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடியிருந்தபோது, அத்தையின் இடது கன்னத்தில் இருந்த கரும்புள்ளியைச் சகலை உற்றுப் பார்த்தார்.

"இதோட ஓரம் ஒரு மாதிரி இருக்கு அத்தை. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாம்."

"வயசானா வர்ற புள்ளிங்க அது," என்றேன். "நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க. தோலை எங்கிட்ட விட்டுடுங்க."

அத்தை முதன்முறையாக என்னை மரியாதையாகப் பார்த்தார்.

மறுநாள் கிளினிக்கில் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். சகலை சொன்னது சரி. புற்றுநோய், ஆரம்ப நிலை. வெட்டி எடுத்திருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். அத்தையின் கன்னத்தில் ஒரு தழும்பு மிஞ்சும், சகலையின் முகத்தில் ஒரு புன்னகை மிஞ்சும். தழும்பை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

லேசர் நிறத்தைத்தான் அழிக்கும், வேரை அல்ல. இது எனக்குத் தெரியாது என்று என் வக்கீல் சொன்னால் நம்பாதீர்கள். அத்தையின் கண்களுக்குக் கவசம் மாட்டிவிட்டு லேசரை எடுத்தேன்.

"வலிக்குதா அத்தை?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு மாப்பிள்ளை. நீங்க அடிங்க."

ஐந்து முறை வந்தார். புள்ளி போனது. போகிற போக்கில் நெற்றி, மூக்கு எல்லாவற்றையும் பளபளப்பாக்கிக்கொண்டார். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேரை அனுப்பிவைத்தார். "சின்ன மாப்பிள்ளை கை ராசியான கை" என்றார். அந்த ஒரு வருடம் நாங்கள் தாயும் பிள்ளையும் போல இருந்தோம். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு அத்தையின் கழுத்தில் கட்டி வந்தது. சகலை போன் செய்தார்.

"புள்ளியை எடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன். ஒண்ணுமில்லைன்னு வந்துச்சு."

ரிப்போர்ட்டைக் கேட்டார். அன்று மாலையே உட்கார்ந்து டைப் அடித்து அனுப்பினேன். உங்கள் கையில் இருப்பது அதுதான், நீதிபதி ஐயா. அவசரத்தில் அடித்தது, எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள்.

ஏழு மாதத்தில் அத்தை போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். "ஒரு புள்ளி இல்ல பாருங்க, தூங்குற மாதிரியே இருக்காங்க" என்றார்கள். சகலை மட்டும் என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

பொறாமை என்றுதான் நினைக்கிறேன்.