இரண்டு சுற்று

இஞ்சி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, சேர், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சி கிருஷாந்தி இப்போதெல்லாம் தேநீரில் எதை எவ்வளவு போடுகிறோம் என்று பார்ப்பதில்லை. கணவன் போய் ஐந்து மாதம்தானே ஆகிறது. இந்த மழையில் கொழும்பிலிருந்து பிலிமத்தலாவை வரைக்கும் வந்திருக்கிறீர்கள், சூடாக ஏதாவது உள்ளே போகட்டும்.

நீங்கள் கொண்டுவந்த காப்புறுதி அறிக்கையை இரண்டு தடவை வாசித்தேன். என் பெயர் ஜனார்த்தனன், இறந்தவன் என் தங்கை புருஷன் திலக்ஷன், இரண்டு பேரும் ஒரே பாய்மரப் படகில் வேலை செய்தோம், மால்டாவில் புறப்பட்டு சிசிலித் தீவைச் சுற்றி வரும் பந்தயத்தின் மூன்றாம் நாள் அவன் கடலில் விழுந்தான். எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில்தான் பிழை. 'ஜனார்த்தனனின் கவனக்குறைவால் உயிர்காப்பு அங்கியின் காஸ் குப்பி இறுக்கமாகப் பூட்டப்படவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் விசாரணையை முடித்துவிடலாம் என்கிறீர்கள். என்னால் போட முடியாது.

ஒன்பது வருடம் கண்டி வாவியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் படகு ஓட்டினேன். அங்கே அலை என்றால் வாத்து கிளப்பும் அலைதான். அந்தத் தண்ணீரில் பழகிய நான் மத்தியதரைக் கடலில் சுக்கான் பிடித்தேன். ஏழு வருடத்தில் ஒரு கயிற்றைத் தப்பாக முடிந்தேன் என்று எவனும் சொன்னதில்லை. நீங்கள் சொல்கிறீர்கள், அதுவும் எழுத்தில்.

திலக்ஷனைக் கூட்டிப்போனதும் நான்தான். அவன் இங்கே ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். முதல் மூன்று நாளும் வாந்தி. தலையைப் பிடித்துவிட்டது யார் என்று கேளுங்கள். படகில் அவனவன் அங்கியை அவனவன்தான் சோதித்துப் போட வேண்டும், அதுதான் விதி. திலக்ஷன் மட்டும் என் முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நிற்பான்.

"மச்சான், நீங்களே போட்டு விடுங்க. கல்யாணத்துல மாலை போட்டது நீங்கதானே. உங்க கையால போட்டாத்தான் எனக்கு நிம்மதி."

உண்மைதான். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் அவனுக்குக் கால் கழுவி, மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிப்போனவன் நான். பெண்ணின் அண்ணனுக்கு அந்த உரிமை உண்டு. அதற்கு மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரம் இதோ, இன்னும் விரலில் இருக்கிறது. படகில் அவன் அப்படிக் கையை விரித்து நிற்பதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். கப்டன் இரண்டு முறை அவனைத் திட்டினார். 'மச்சான் பார்த்துவிட்டார், போதும்' என்றான் அவன்.

இரண்டு வருடத்தில் அவனுக்குக் காற்று பிடிபட்டுவிட்டது. எனக்குப் பிடிபட்டதைவிட நன்றாக. இதை மறைக்க மாட்டேன். பந்தயத்துக்கு முதல் நாள் கப்டன் சமையல் மூலைக்கு மேலே சுக்கான் முறைப் பட்டியலை ஒட்டினார். என் பெயர் இருந்த இடத்தில் அவன் பெயர். எனக்கோ கீழ்த்தட்டில் வெந்நீர் கொதிக்கவைத்து நூடில்ஸ் கரைக்கும் வேலை. அவன் கீழே வந்து, "மச்சான், நான் வேணாம்னுதான் சொன்னேன், கப்டன் கேக்கல" என்றான். அவன் பெருமையடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். நாங்கள் இரண்டு பேரும் போன லீவில் ஊருக்கு வந்தபோதே அவன் கிருஷாந்தியை மால்டாவுக்கு எடுத்துக்கொள்ளப் பேசத் தொடங்கினான், அந்த வேலை கிடைத்ததும் அது உறுதியாகிவிட்டது. பாஷை தெரியாத ஊர், சொந்தம் என்று ஒருவரும் இல்லை. நான் அண்ணன், யோசிக்க வேண்டும். அவளுக்காகத்தான் யோசித்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் காற்று திரும்பியது. அவன் மேலே போகும் முறை. வழக்கம்போல் கையை விரித்து நின்றான். அந்த அங்கி தண்ணீரில் பட்டால் உள்ளே ஊசி குத்தி, குப்பியிலுள்ள காஸ் நிரம்பி ஊதிக்கொள்ளும். குப்பி தளர்ந்திருந்தால் ஊசி எட்டாது. புறப்படுமுன் பந்தய அதிகாரிகள் சோதித்தபோது நல்ல இறுக்கத்தில்தான் இருந்தது. வாரைப் பூட்டினேன், தோளில் தட்டினேன், மற்றக் கையால் குப்பியை இடப்பக்கமாகத் திருப்பினேன். மோதிரம் அதில் உரசிச் சின்னதாய் ஒரு சத்தம். அவனுக்கும் கேட்டிருக்கும். காலம் முழுக்க ஆணியும் திருகாணியும் விற்றவன், குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நான் தள்ளவில்லை, சேர். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். படகோடு பிணைக்கும் இடுப்புக் கயிறு இரண்டு, ஒன்றை அடுத்த கொக்கியில் மாட்டுமுன் மற்றதைக் கழற்றிவிடுவான். நூறு தரம் சொல்லியிருக்கிறேன். அன்றும் அப்படித்தான் கழற்றினான், அலை வந்தது. கடலில் விழுந்தவன் பதினைந்து பேருக்கு முன்னால் விழுந்தான், எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். படகைத் திருப்பி, ஊதாத அங்கியோடு அவனைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. பந்தயத்திலிருந்து விலகினோம். நான்காவது இடத்தில் இருந்தோம், அதில் எனக்கு வருத்தம் உண்டு. துறைமுகம் வரை சுக்கானை நான்தான் பிடித்தேன். கப்டனே கூப்பிட்டுத் தந்தார். ஒரு பாகைகூடத் தடம் விலகவில்லை.

கதவுப் பக்கம் பார்க்க வேண்டாம், சேர். கிருஷாந்தி அங்கே நிற்பது எனக்குத் தெரியும். கேட்கட்டும். தன் அண்ணன் அசட்டையாக அவள் புருஷனைக் கொன்றுவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதைவிட இது நல்லது. அவளுக்காகத்தான் செய்தேன் என்பதும் அவளுக்குத் தெரியட்டும்.

"எனக்காகவா?"

அவள் குரல். பார்த்தீர்களா, அழவில்லை.

"அண்ணே, போன லீவுல பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க என்னைக் கண்டிக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே. நான் சிரிச்சுட்டேன்னு மறுபடி எடுக்கச் சொன்னாங்க. திரும்பவும் சிரிச்சேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

"நான் போக ஆசைப்பட்டது உங்களுக்குத் தெரியும்."

அவள் உள்ளே போய்விட்டாள். தேநீர்க் கோப்பையையும் எடுத்துப் போய்விட்டாள், மன்னியுங்கள். அவள் கேட்டது குடும்ப விஷயம், அது உங்கள் அறிக்கைக்குத் தேவையில்லை. பொலிசுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், நான் எங்கும் ஓடப்போவதில்லை. பேனாவைத் தாருங்கள், கையெழுத்தும் போடுகிறேன். அந்தக் 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் முதலில் வெட்டுங்கள். இரண்டு சுற்று, சேர். எண்ணித்தான் திருப்பினேன்.